மைலுக்கு 20 சென்ட் கூடுதல் என்றால் கேரியரை மாற்றலாமா?

வழித்துணை (டாலஸ்):

என்னிடம் சொந்தமாக ஒரு 2019 ஃப்ரைட்லைனர் டிரக் இருக்கிறது. அதன் கடன் முடிந்துவிட்டது. ஆறு ஆண்டுகளாக ஒரே கேரியரோடு (சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தோடு) லீஸ் ஒப்பந்தம் செய்துகொண்டு, அவர்களுடைய ட்ரெய்லரை இழுத்துவருகிறேன். லோடோடு ஓடினாலும் காலியாக ஓடினாலும் மைலுக்கு 1.20 டாலர் தருகிறார்கள்; டீசல் சர்சார்ஜ் (டீசல் செலவுக்கான கூடுதல் தொகை) தனி. வாரத்துக்கு ஏறத்தாழ 2,500 மைல் ஓடுகிறேன். இப்போது வேறொரு கேரியர் மைலுக்கு 1.40 டாலர் தருவதாக அழைக்கிறது. பணம் மட்டும் காரணமன்று. ஆறு ஆண்டுகளாக என் லோடுகளைப் பார்த்துக்கொண்ட டிஸ்பாட்சர் வேலையை விட்டுப் போய்விட்டார். அதன்பின் இரண்டு மாதத்துக்கு ஒரு புதியவர் வருகிறார், வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போக வேண்டும் என்பதை ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கிறது. மாறலாம் என்றே மனம் சொல்கிறது. அனுபவம் உள்ளவர்கள் கருத்துச் சொல்லுங்கள். அக்கரைப் பச்சை என்ற பழமொழியை மட்டும் யாரும் எடுத்துவர வேண்டாம். அதை வீட்டில் தினமும் கேட்கிறேன்.

மைல்கல் (ஜோலியட், இல்லினாய்):

பழமொழி வேண்டாம், கணக்கே போடுவோம். அந்த 1.40 டாலர் எந்த மைலுக்கு என்று கேட்டீர்களா? உங்களுக்கு இப்போது எல்லா மைலுக்கும் காசு வருகிறது: 2,500 மைலுக்கு 3,000 டாலர். புதியவர்கள் லோடு மைலுக்கு மட்டும் கொடுப்பவர்களாக இருந்து, நீங்கள் வாரத்தில் 400 மைல் காலியாக ஓட நேர்ந்தால், 2,100 மைலுக்கு 2,940 டாலர்தான் கிடைக்கும். இருபது சென்ட் உயர்வு வாரத்துக்கு அறுபது டாலர் குறைவாக முடிகிறது. சர்சார்ஜையும் லோடு மைலுக்கு மட்டுமே கொடுப்பார்களானால், அதை மைலுக்கு 45 சென்ட் என்று வைத்துக்கொண்டால், இன்னும் 180 டாலர் போகும்.

மைலை எப்படி அளக்கிறார்கள் என்பதும் இருக்கிறது. டிரக் உண்மையில் போகக்கூடிய பாதையை அளப்பவர்களும் உண்டு. ஓர் அஞ்சல் குறியீட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பழைய அட்டவணையில் உள்ள குறுகிய தூரத்தை எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. இரண்டாவது வகையில் உங்கள் ஓடோமீட்டர் காட்டும் தூரத்தில் ஒரு பகுதிக்கு யாரும் காசு தருவதில்லை.

நான் மூன்று முறை கேரியர் மாறியவன். மூன்று முறையும் சராசரியாக இரண்டு வாரம் டிரக் நின்றது. புதிதாகச் சேர்கையில் போதைப்பொருள் பரிசோதனை, 2020 ஜனவரி 6 முதல் ஓட்டுநர்களின் போதைப்பொருள், மது விதிமீறல்களைக் குறித்துவைக்கும் கூட்டாட்சி கிளியரிங்ஹவுஸ் பதிவேட்டில் தேடல், முந்தைய மூன்று ஆண்டுகளின் கேரியர்களிடம் பாதுகாப்பு விசாரணை, டிரக் பரிசோதனை, ஓரியன்டேஷன் (அறிமுகப் பயிற்சி), புதிய மின்னணு லாக் கருவி எல்லாம் இருக்கின்றன. பழைய கேரியரின் பெயரில் உள்ள நம்பர் பிளேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதியது வரும்வரை சாவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வாரத்துக்கு 1,500 டாலர் கையில் நிற்பதாகக் கொண்டால் இரண்டு வாரத்துக்கு 3,000. சில்லறைச் செலவுகளோடு 3,500. உண்மையான உயர்வு பத்துச் சென்ட் என்றே வைத்தாலும், வாரத்துக்கு 250 டாலர் வீதம் அதை மீட்கப் பதினான்கு வாரம் ஆகும்.

தனிவழி (ரீனோ, நெவாடா):

மைல்கல் அண்ணனின் பெருக்கல் சரி. அதிலிருந்து அவர் போய்ச் சேரும் இடந்தான் சரியில்லை. பதினான்கு வாரம் போனாலும் அந்த ஆண்டில் முப்பத்தெட்டு வாரம் மிஞ்சுகிறது. அது 9,500 டாலர். இதை அவர் ஏன் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார்?

டிரக் நம்முடையது, ஆனால் சரக்கு, வாடிக்கையாளர், அதிகார எண் (சரக்கு ஏற்றக் கூட்டாட்சி தரும் அனுமதி), காப்பீடு ஆகிய அனைத்தும் கேரியருடையவை. பேரம் பேச நம்மிடம் இருப்பது, கதவில் ஒட்டிய பெயர்ப் பலகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக முடியும் என்ற ஒன்றே. அதை ஒருநாளும் பயன்படுத்தாதவரின் கட்டணத்தை எவர் உயர்த்துவார்? வழித்துணை, இந்த ஆறு ஆண்டில் நீங்கள் கேட்காமல் உங்கள் மைல் கட்டணம் எத்தனை முறை உயர்ந்தது?

விசுவாசத்தைப் பற்றியும் ஒரு சொல். நான் முன்பு கலிபோர்னியாவில் இருந்தேன். சுயதொழில் ஒப்பந்தக்காரர்களைப் பெரும்பாலும் ஊழியர்களாகக் கருதும் அம்மாநிலத்தின் ஏபி5 சட்டத்தை எதிர்த்த லாரி நிறுவனங்களின் மனுவை விசாரிக்க 2022 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்தபிறகு, நான் எட்டாண்டு ஓட்டிய கேரியர், கலிபோர்னியா முகவரி உள்ள ஓனர் ஆப்பரேட்டர்களை (சொந்த டிரக் ஓட்டுபவர்களை) இனி வைத்துக்கொள்ள முடியாது என்று ஒரு மின்னஞ்சலில் சொல்லிவிட்டது. அவர்களுக்குச் சட்டச் சிக்கல் இருந்தது, குறை சொல்லவில்லை. ஆனால் எட்டு ஆண்டுக்கு ஈடாக எனக்குக் கிடைத்தது முப்பது நாள். அதனால்தான் ரீனோவுக்கு வந்தேன்.

வழித்துணை (டாலஸ்):

தனிவழி கேட்டதற்கு விடை: ஒரே ஒரு முறை, ஐந்து சென்ட். அதுவும் 2021இல், எல்லோருக்கும் கொடுத்தபோது. 1.40 எந்த மைலுக்கு என்று நான் கேட்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மைல்கல் (ஜோலியட், இல்லினாய்):

2021ஐ நினைவூட்டியது நல்லது. அந்த ஆண்டு ஸ்பாட் சந்தை (லோடுகளை அன்றைய விலைக்குப் பேசும் சந்தை) ஏறியிருந்தபோது, மைல் கட்டணத்தில் இருந்த நாங்கள் எல்லோரும், லோடு விலையில் ஒரு பங்கு வாங்கும் சதவீதக் கட்டணத்தில் இருந்தவர்களைப் பார்த்து ஏங்கினோம். என் நண்பர் ஒருவர் அந்த ஏக்கத்திலேயே மாறினார். இன்னொருவர் கேரியரே வேண்டாமென்று சொந்த அதிகார எண் வாங்கினார். 2022இல் சந்தை இறங்கத் தொடங்கியது. சதவீதக்காரருக்குக் கிடைத்த எழுபது விழுக்காடு அப்படியே இருந்தது. எதில் எழுபது என்பதுதான் சுருங்கியது. சொந்த எண் வாங்கியவர், புதிய நிறுவனம் என்பதால் காப்பீட்டுக்கு மிகுந்த தொகை கட்டி, சட்டம் கேட்பது 750,000 டாலர் பொறுப்புக் காப்பீடே என்றாலும் லோடு பிடித்துத் தரும் புரோக்கர்கள் பத்து லட்சம் கேட்டதால் அதற்கும் கட்டி, இரண்டாம் ஆண்டில் மறுபடியும் ஒரு கேரியரிடம் லீஸுக்குப் போனார். சந்தையின் உச்சியில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் சந்தையின் முடிவே தவிர நம்முடையதன்று.

தனிவழி (ரீனோ, நெவாடா):

உச்சியில் மாறியவர்களைக் காட்டி எல்லா மாற்றத்தையும் குறை சொல்வது நியாயமா? வழித்துணை இன்று மாற நினைப்பது சந்தையின் உச்சியிலா? சதவீதக் கட்டணத்தில் ஒரு நன்மையையாவது மறுக்க முடியாது: லோடுக்கு வாடிக்கையாளர் என்ன கொடுத்தார் என்பது தெரியும். மைல் கட்டணத்தில் அது எனக்குத் தெரிந்ததே இல்லை.

கணக்குப்பிள்ளை (எடிசன், நியூ ஜெர்சி):

நான் லாரி ஓட்டுவதில்லை. ஓட்டுபவர்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். இருவரும் கட்டணத்தையே பேசுகிறீர்கள். என் மேசைக்கு வரும் தகராறுகளில் பெரும்பாலானவை, ஓட்டுநரின் வருவாய்க் கணக்கான செட்டில்மென்ட் தாளின் அடிப்பகுதியில், பிடித்தங்கள் இருக்கும் இடத்தில்தான் தொடங்குகின்றன: ட்ரெய்லர் வாடகை, லாக் கருவி வாடகை, சரக்கில்லாத நேரக் காப்பீடு, விபத்துக் காப்பீடு, பிளேட்டுக்கான தவணை, எஸ்க்ரோ (கேரியர் பிடித்துவைக்கும் பிணைத்தொகை).

இதற்கெல்லாம் கூட்டாட்சி விதி இருக்கிறது: விதித்தொகுப்பின் 49ஆம் தலைப்பு, 376ஆம் பகுதி. ஓட்டுநர்கள் இதை ட்ரூத் இன் லீசிங் என்பார்கள். எந்தப் பிடித்தமும், அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதும் லீஸிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். பிடித்ததற்கான ஆவணத்தை ஓட்டுநர் கேட்டுப் பார்க்கலாம். லோடு இறக்கிய தாள்களைக் கொடுத்த 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். கேரியரிடமே பொருளோ சேவையோ வாங்க வேண்டுமென்று லீஸின் நிபந்தனையாகக் கட்டாயப்படுத்த முடியாது. எஸ்க்ரோவுக்குக் குறைந்தது காலாண்டுக்கு ஒரு முறை வட்டி கொடுக்க வேண்டும். லீஸ் முடிந்த நாளிலிருந்து 45 நாளுக்குள் இறுதிக் கணக்கோடு திருப்ப வேண்டும். சதவீதக் கட்டணமாக இருந்தால், லோடுக்கு விலை குறித்த சரக்குப் பட்டியலின் நகலைச் செட்டில்மென்ட்டுக்கு முன்னரோ அதனுடனோ கொடுக்க வேண்டும். தனிவழி சொன்ன நன்மை கேரியரின் பெருந்தன்மையால் வருவதன்று, இந்த விதியால் வருவது.

ஒப்பந்தம் முடியும்போது கேரியரின் பெயர்ப் பலகைகளைத் திருப்பிக் கொடுப்பதைக் கடைசிப் பணத்துக்கு நிபந்தனையாக வைக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆகவே ஒட்டியிருப்பதைச் சுரண்டிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். இந்த ஒரு தாள் இல்லாமல் இரண்டு மாதம் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

தனிவழி (ரீனோ, நெவாடா):

விதி நன்றாகத்தான் இருக்கிறது. ரீனோவுக்கு வந்த பின் சேர்ந்த கேரியர் ஒன்றை (பெயர் வேண்டாம்) ஓராண்டில் விட்டேன். 2,000 டாலர் எஸ்க்ரோ 45 நாளில் வரவில்லை. ஐந்தாவது மாதத்தில், 376ஐக் குறிப்பிட்டு எழுதிய மூன்றாவது கடிதத்துக்குப் பின், 1,400 டாலர் வந்தது. மீதி 600 டாலர் ட்ரெய்லர் டயருக்காம். நான் ஒப்படைத்த நாளில் அந்த டயரின் படத்தை எடுத்து வைக்கவில்லை. 600 டாலருக்கு எந்த வழக்கறிஞரைத் தேடிப் போவது?

மைல்கல் (ஜோலியட், இல்லினாய்):

தம்பி, என் பக்கத்துக்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் ஓர் எஸ்க்ரோ பழையவரிடம் மாட்டிக்கொள்கிறது. அதே வேளையில் புதியவரிடம் இன்னொன்று வாரந்தோறும் பிடிக்கப்படுகிறது. இரண்டு பக்கமும் நம் பணம்.

கணக்குப்பிள்ளை (எடிசன், நியூ ஜெர்சி):

வழக்குக்கு வழியே இல்லை என்பது தவறு. இந்த விதியை மீறும் கேரியர் மீது ஓட்டுநரே வழக்குத் தொடுக்கலாம். வென்றால் வழக்கறிஞர் கட்டணமும் கிடைக்கும் என்று போக்குவரத்துச் சட்டத்திலேயே இருக்கிறது. மிசூரி மாநிலத்தின் கிரெய்ன் வேலியில் இயங்கும், 1973இல் தொடங்கிய ஓனர் ஆப்பரேட்டர்கள் சங்கம் பல வழக்குகளைக் கூட்டாக நடத்தியிருக்கிறது. ஆர்க்டிக் எக்ஸ்பிரஸ் என்ற கேரியர் திவாலான வழக்கில், ஓட்டுநர்களின் பராமரிப்பு எஸ்க்ரோ அவர்களுக்காகப் பொறுப்பில் வைக்கப்பட்ட பணம், கடன் கொடுத்த வங்கி அதை எடுத்துக்கொள்ள முடியாது என்று 2011இல் ஆறாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் ஆண்டுக்கணக்கில் ஆனது என்பதையும், தனியொருவரின் 600 டாலருக்கு இது பயன்படாது என்பதையும் மறுக்கவில்லை.

வடதிசை (ஸ்கார்பரோ, ஒன்ராறியோ):

மாறலாமா என்று கேட்கும் நிலையே பலருக்கு இல்லை என்பதை இங்கே யாரும் சொல்லவில்லை. என் மைத்துனர் மிச்சிகனில் இருக்கிறார். டிரக்கையே கேரியரிடம் லீஸ்-பர்ச்சேஸ் (தவணை கட்டிச் சொந்தமாக்கும்) முறையில் எடுத்திருக்கிறார். கேரியரை விட்டால் டிரக்கும் போகும், இதுவரை கட்டியதும் போகும். குறைவான லோடு கொடுத்தாலும் வாரத் தவணை குறைவதில்லை. வழித்துணைக்குக் கடன் முடிந்த வண்டி இருக்கிறது. அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்தாமல் வைத்திருப்பது எனக்கு விளங்கவில்லை.

கணக்குப்பிள்ளை (எடிசன், நியூ ஜெர்சி):

உண்மை. 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட டிரக் லீஸ் பணிக்குழு, 2025 ஜனவரியில் கொடுத்த அறிக்கையில், அத்தகைய திட்டங்களைத் தடைசெய்யும்படியே காங்கிரஸுக்குப் பரிந்துரைத்தது.

மைல்கல் (ஜோலியட், இல்லினாய்):

வடதிசை சொல்வது வேறு வகையினரைப் பற்றியது. அவர் மைத்துனருக்கு நான் இருங்கள் என்று சொல்ல மாட்டேன். என் வாதம் வழித்துணையைப் பற்றியதே. அவருடைய உண்மையான குறை டிஸ்பாட்சர் மாற்றம். புதிய இடத்தில் டிஸ்பாட்சர் நிலைத்திருப்பார் என்பதற்கு என்ன உறுதி? அதே நிறுவனத்தில் வேறு முனையத்துக்கோ வேறு குழுவுக்கோ மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்டாரா? இதற்கு ஓர் எஸ்க்ரோவும் தேவையில்லை, பிளேட்டும் மாற வேண்டியதில்லை.

தனிவழி (ரீனோ, நெவாடா):

கேட்கட்டும். ஆனால் வெளியிலிருந்து ஓர் உறுதியான கட்டணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் கிடைக்கும் பதில் வேறு. அவர் எந்தக் கேரியரில் இருந்தாலும் அதன் நிதிநிலையையும் பார்க்கட்டும். 2019 டிசம்பரில் செலடான் என்ற லாரி நிறுவனம் திவாலானபோது எரிபொருள் அட்டைகள் வேலை செய்யாமல் ஓட்டுநர்கள் நடுவழியில் நின்றார்கள். அவர்களில் நீண்டகாலம் இருந்தவர்களும் உண்டு.

மைல்கல் (ஜோலியட், இல்லினாய்):

அப்படியானால் புதிய கேரியரையும் அதே கண்ணால் பார்க்க வேண்டும். கூட்டாட்சிப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் அவர்களின் எண்ணைப் போட்டால், காப்பீடு நடப்பில் இருக்கிறதா, பரிசோதனையில் சாலையிலிருந்து நிறுத்தப்பட்ட வண்டிகளின் விகிதம் தேசியச் சராசரியைவிடக் கூடுதலா என்பதெல்லாம் ஐந்து நிமிடத்தில் தெரியும்.

வழித்துணை (டாலஸ்):

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை புதிய கேரியருக்குத் தொலைபேசியில் பேசினேன். 1.40 லோடு மைலுக்கு மட்டும், சர்சார்ஜும் அவ்வாறே. பிடித்தங்களின் பட்டியலோடு லீஸின் நகலை முன்கூட்டியே அனுப்பக் கேட்டேன். ஓரியன்டேஷன் நாளில்தான் கொடுப்பார்களாம். லீஸைப் படிக்காமல் டாலஸிலிருந்து 600 மைல் ஓட்டிவர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

பழைய இடத்திலும் பேசினேன். இந்தக் கட்டணத்தைச் சொன்னதும் முனைய மேலாளரே அழைத்தார். ஏழு சென்ட் உயர்த்துவதாகவும், வேறு டிஸ்பாட்ச் குழுவில் சேர்ப்பதாகவும் சொன்னார். எழுத்தில் கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை. அதற்கிடையே ஃப்ளாட்பெட் (திறந்த தட்டு ட்ரெய்லர்) கேரியர் ஒன்று லீஸ் நகலை நான் கேட்காமலே அனுப்பியிருக்கிறது, பதினெட்டுப் பக்கம். வெள்ளிக்கிழமை வீட்டில் உட்கார்ந்து படிக்கப் போகிறேன்.

கணக்குப்பிள்ளை (எடிசன், நியூ ஜெர்சி):

பிடித்தங்கள் உள்ள பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஃப்ளாட்பெட் என்றால் தார்ப்பாயும் சங்கிலியும் யார் செலவு என்பதைத் தேடிப் பாருங்கள்.