தாய்லாந்து ட்ரிப்புக்கு கொஞ்சம் தாய் மொழி – எங்க ஆரம்பிக்கிறது?

ஊர்சுத்தி:
வணக்கம் மக்களே, அடுத்த மாசம் அம்மாவ கூட்டிட்டு தாய்லாந்து போறேன். பேங்காக் 4 நாள், சியாங் மாய் 3 நாள், பேக்கேஜ் எல்லாம் இல்ல, நாங்களா சுத்துறதுதான். நான் முட்டை வரைக்கும் சாப்பிடுவேன், அம்மாவுக்கு அந்த வாசனையே ஆகாது. ஒரு ஆப்ல 2 வாரமா உக்காந்து படிக்கிறேன், இன்னும் 'பூனை பால் குடிக்கிறது'லயே நிக்குது, அத வெச்சு நான் சாப்பாட்டுக் கடைல என்னத்த கேக்குறது? இப்போதைக்கு தெரிஞ்சது 'சவாத்தீ கா' ஒண்ணுதான். போய்ட்டு வந்தவங்க எது உண்மையிலயே யூஸ் ஆச்சுன்னு சொல்லுங்களேன்.

சிலோம் ரோட்டுக்காரன்:
முதல்ல அந்த 'கா'வ விடுங்க தலைவா, அது பொம்பளைங்க சொல்றது. ஆம்பள 'க்ரப்'னு முடிக்கணும், பேச்சுல அது 'கப்'னு தேஞ்சிடும். ஹோட்டல் ரிசப்ஷன்ல இருக்குற பொண்ணுங்கள கேட்டு நம்ம பசங்க பாதி பேரு 'கா கா'ன்னு சுத்துறாங்க. எந்த வாக்கியத்துக்கு கடைசிலயும் இந்த கப்ப ஒட்டிட்டா மரியாதை வந்துரும், 'கோப் குன் கப்'னா நன்றிங்க.

அடுத்தது முட்டை. நான் 5 வருஷம் அங்க இருந்தேன், போன புதுசுல தள்ளுவண்டில போய் முட்டை ஃப்ரைட் ரைஸுக்கு 'காவ் பத் கை'ன்னு கேட்டேன், சிக்கன் வந்துச்சு. மறுநாள் இன்னும் சத்தமா, நிறுத்தி 'கை'ன்னேன், இன்னும் கொஞ்சம் அதிகமாவே சிக்கன் போட்டுக் குடுத்துச்சு அந்த அக்கா. மூணாவது நாள்தான் அதுவே ஒரு முட்டைய கைல தூக்கி காமிச்சு 'க்ஹை'ன்னு என் மூஞ்சில ஊதுற மாதிரி சொல்லுச்சு. விஷயம் என்னன்னா முட்டையும் கோழியும் ரெண்டுமே ஒரே தாழ்ந்த சுருதி, வித்தியாசம் அந்த மூச்சு மட்டும்தான். நம்ம தமிழ்ல வர்ற சாதா 'கை' அங்க கோழி. காத்து விட்டு சொன்னாதான் முட்டை. உள்ளங்கைய வாய்க்கு நேரா வெச்சு சொல்லிப் பாருங்க, காத்து படணும். இங்கிலீஷ்ல எழுதியிருக்குறத பாத்து மட்டும் படிக்காதீங்க, காதால கேட்டு படிங்க. புக்கெட் ஊர்ப்பேர்ல முதல்ல 'ph' போட்டிருப்பான், அது ஃப இல்ல, காத்தோட வர்ற ப.

கீரைக்கட்டு:
நானும் சைவம்தான், அம்மாவுக்காக சொல்றேன் தம்பி. 'ஜே'ங்குற வார்த்தைய கெட்டியா புடிச்சுக்கோங்க. மஞ்சள் கொடில சிவப்பு எழுத்துல போட்டிருப்பாங்க, பாக்க 17 மாதிரி இருக்கும். அந்தக் கடைல கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது, வெங்காயம் பூண்டுகூட சேக்க மாட்டாங்க. 'குன் மே கின் ஜே'ன்னா அம்மா ஜே சாப்பாடுதான் சாப்பிடுவாங்கன்னு அர்த்தம், மே-ன்னா அம்மா. சும்மா 'வெஜிடேரியன்'னு சொன்னா தலையாட்டிட்டு கறிய மட்டும் எடுத்துட்டு மீன் சாஸ் ஊத்திருவாங்க, அவங்க கணக்குல அது உப்பு மாதிரி. அதனால சாதாரண கடைன்னா 'மை சை நாம் ப்ளா' (மீன் சாஸ் போடாதீங்க) கண்டிப்பா சொல்லணும். கீரை வதக்கல்ல சிப்பி சாஸ் இருக்கும், பப்பாளிக்காய் சாலட்ல காஞ்ச இறால் கிடக்கும், பச்சையா இருக்கேன்னு நம்பிடாதீங்க. காரம் வேணாம்னா 'மை பெத்'.

வெட்டிப்பய:
எதுக்கு இவ்ளோ கஷ்டம், கூகுள் டிரான்ஸ்லேட் இருக்குல்ல, போனை நீட்டுனா முடிஞ்சது.

சிலோம் ரோட்டுக்காரன்:
@வெட்டிப்பய உக்காந்து சாப்பிடுற எடத்துல சரி, பைக் டாக்ஸில பின்னாடி உக்காந்துட்டு போனை எங்க நீட்டுவீங்க? அதுக்கு 'லியாவ் சாய்' இடது, 'லியாவ் க்வா' வலது, 'ஜாத் தீ நீ' இங்க நிறுத்து, போதும். 'க்லை'ன்னு ஒரு வார்த்தை இருக்கு பாருங்க, சுருதி சமமா ரோடு மாதிரி போனா தூரம், மேல ஆரம்பிச்சு பொத்துன்னு விழுந்தா பக்கம். நாம கேள்வின்னா கடைசில குரல தூக்குவோம், அங்க தூக்கினா அர்த்தமே மாறிடும். நான் அந்த வம்பே வேணாம்னு 'கீ நாத்தீ?' எத்தன நிமிஷம்னு கேட்டுருவேன். ஆனா பதில் புரிய நம்பர் தெரியணும். நுங், சாங், சாம், சீ, ஹா, ஹோக், ஜெத், பேத், காவ், சிப். 11 மட்டும் சிப் எத், 20 யீ சிப், 100க்கு ராய். அப்போ 250 பாட் (அங்கத்து காசு)னா 'சாங் ராய் ஹா சிப் பாட்'. சந்தைல 'தாவ் ரை?' (எவ்ளோ) கேட்டுட்டு பதில் புரியாம முழிச்சா அப்பவே கால்குலேட்டர் வந்துரும். 5 'ஹா'ங்குறதாலதான் அவங்க சாட்ல 555ன்னு போட்டு சிரிக்கிறது.

செவன் இலெவன்ல பை வேணாம்னா 'மை ஆவ் துங்'. அப்புறம் அம்மா கோயில் கேட்டா பேங்காக்ல சிலோம் மாரியம்மன் கோயில் இருக்கு, ஆனா டாக்ஸில மாரியம்மன்னா முழிப்பாங்க, 'வாத் கேக்'னு சொல்லுங்க. கேக்னா விருந்தாளி, நம்மளயும் அப்படித்தான் கூப்பிடுறாங்க.

கல்வெட்டு கிறுக்கன்:
எழுத்து பத்தி யாரும் பேசலயே. 44 மெய்யெழுத்து, வார்த்தைக்கு நடுவுல எடைவெளியே விடமாட்டான், 7 நாளைக்கு அது தேவையில்லதான். ஆனா ஒண்ணு மட்டும் பாருங்க, மூலம் நம்ம பல்லவர் எழுத்து, கெமர் (கம்போடியா எழுத்து) வழியா அங்க போனது. அந்த மஞ்சள் கொடில இருக்குற 'ஜே'ல ஏகாரம் மெய்க்கு முன்னாடி நிக்கும், நாம 'ஜே' எழுதுறப்ப ரெட்டைக்கொம்ப முன்னாடி போடுறோமே அதே கதைதான். சுவர்ணபூமி ஏர்போர்ட்ட மட்டும் 'சுவன்னபூம்'னு சொல்லுங்க. சியாங் மாய்ல பொண்ணுங்க 'கா'வுக்கு பதிலா 'ஜாவ்'னு முடிப்பாங்க, அது வடக்கத்தி பேச்சு, குழம்பாதீங்க.

ஊர்சுத்தி:
எல்லாருக்கும் கோப் குன் கப் 🙏 ஆப்ப தூக்கிட்டேன். நேத்து ராத்திரி உள்ளங்கைய வாய்க்கு நேரா வெச்சு க்ஹை க்ஹைன்னு ஒரு அரை மணி நேரம் சொல்லிட்டிருந்தேன், அம்மா இருமல்னு நெனச்சு சுக்கு தட்டிப்போட்டு வெந்நீர் கொண்டாந்து வெச்சுட்டாங்க. 555