எஃப்-மிசோ விளைச்சல் சரிந்துவிட்டது, யாராவது பார்த்திருக்கிறீர்களா?

புற்றுக்கட்டிக்குள் ஆக்சிஜன் குறைந்த இடத்தைப் பெட் ஸ்கேனில் காட்டும் 18எஃப்-மிசோ என்ற கதிரியக்க மருந்து செய்கிறோம். பெங்களூரு, கேசட் வகை தானியங்கி மாட்யூல். மூன்று வாரம் முன்புவரை 40 சதவீதம் வந்த விளைச்சல் இப்போது 12ஐத் தாண்டவில்லை.

கதிரியக்க ஃப்ளோரைடு, அதைப் பிடித்துவைக்கும் கியூஎம்ஏ கார்ட்ரிட்ஜிலிருந்து ஒழுங்காகத்தான் இறங்குகிறது, ஆனால் மூலப்பொருள் என்ஐடிடிபி சேர்த்து 110 டிகிரியில் சூடாக்கியதும் கலவை கடுங்காப்பி நிறத்துக்குப் போய்விடுகிறது, முன்பெல்லாம் வெளிர் டீ நிறம்தான். கலவையைப் பிரித்துப் பார்க்கும் டிஎல்சி சோதனையில் பெரும்பகுதி ஃப்ளோரைடு வினைபுரியாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

புது அசிட்டோநைட்ரைல் (கரைப்பான்), புது கேசட், கசிவுச் சோதனை, கூடுதல் உலர்த்தல் எல்லாம் ஆயிற்று. வேறு லாட் என்ஐடிடிபியும் போட்டேன், அதே கதை. ஃப்ளோரின்-18இன் அரை ஆயுள் 110 நிமிடம், கெட்டுப்போனால் அன்றைக்கு நோயாளிக்கு ஸ்கேன் இல்லை.

என்ஐடிடிபி 5 மி.கி., பொட்டாசியம் கார்பனேட் 7 மி.கி. கார்பனேட்டின் காரம் மிஞ்சி மூலப்பொருளைச் சிதைக்கிறதோ என்று சந்தேகம். கார்பனேட்டைக் குறைத்துப் பார்த்தவர்கள் எத்தனை மில்லிகிராமில் நிறுத்தினீர்கள்?