பெடல் ஸ்டீல்: டியூனரில் சுழி காட்டுகிறது, காதுக்குப் புளிக்கிறது

மூன்றாம்பெடல், சான் ஆன்டோனியோ

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது பெடல் ஸ்டீல் கிட்டார், அதாவது படுக்க வைத்து, இரும்புக் கட்டையைத் தந்திமேல் நகர்த்தி, பெடலாலும் லீவராலும் சுருதி மாற்றி வாசிக்கும் கிட்டார். ஒற்றைக் கழுத்து, 10 தந்தி, ஈ9 டியூனிங். மூன்று பெடல், நான்கு முழங்கால் லீவர், ஆல்-புல் சேஞ்சர் (பெடலும் லீவரும் இழுக்கும்போது தந்தியின் சுருதியை மாற்றும் பொறி). பல கை மாறி வந்த பழைய கருவி. வீட்டில் தனியாக வாசித்த வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இப்போது சனிக்கிழமை இரவுகளில் ஒரு டான்ஸ் ஹாலில் ஃபிடில், கிட்டார், பேஸ் ஆகியவற்றோடு சேர்ந்து வாசிக்கிறேன். அங்கே போனபிறகுதான் குறைகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன.

நாலாம் தந்தி ஈ-யை டியூனரில் சரியாகச் சுழியில் நிறுத்துகிறேன். ஏ பெடல் பி-யை சி ஷார்ப் ஆக்கும், பி பெடல் ஜி ஷார்ப்பை ஏ ஆக்கும். இரண்டையும் மிதித்தால் அந்த ஈ 7, 8 சென்ட் (நூறு சென்ட் ஓர் அரைச் சுரம்) இறங்கிவிடுகிறது. அந்தத் தந்திக்கும் அந்தப் பெடல்களுக்கும் சம்பந்தமே இல்லை.

ஆறாம் தந்தி ஜி ஷார்ப். லீவரால் எஃப் ஷார்ப்புக்கு இறக்கிவிட்டு விட்டால், பழைய இடத்துக்கு வராமல் கொஞ்சம் ஏறி நிற்கிறது. பி பெடலை ஒரு தட்டுத் தட்டினால் ஒழுங்காகிவிடுகிறது.

ஐந்தாம் தந்தி பி சில நாள் சரியாக இருக்கும், சில நாள் வெறுமனே ஏறிக் கிடக்கும். தந்தி புதிது, சாவியும் வழுக்கவில்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய குழப்பம்: பத்துத் தந்தியையும் சுழியில் நிறுத்தினாலும் மீட்டினால் கார்டு புளிக்கிறது. ஏ பெடலோடு, ஈ-யை எஃப் ஆக ஏற்றும் எஃப் லீவரைச் சேர்த்தால் கேட்கவே முடியவில்லை. ஃபிடில் வாசிப்பவர் என் பக்கம் திரும்பிப் பார்க்கிறார். இது கருவியின் கோளாறா, நான் சுருதி சேர்க்கும் முறையின் கோளாறா?

ராடும் ரோலரும், டாலஸ்

தம்பி, எழுதியிருப்பது நான்கு தனித்தனிச் சங்கதி. ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் எதுவும் தீராது. நான் கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் தொழில் கற்றவன். இங்கே வந்து ஸ்டீல் வாசிக்கவும், சேஞ்சர் பிரித்து மாட்டவும் பழகினேன். எனக்குத் தெரிந்த வரிசையில் சொல்கிறேன்.

முதலில் ஐந்தாம் தந்தி, அதுதான் லேசு. கருவியைக் கவிழ்த்து வைத்து, அந்தத் தந்திக்குப் போகும் ராடை, அதாவது பெடலின் இழுப்பைச் சேஞ்சருக்குக் கொண்டுபோகும் கம்பியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். மயிரிழை ஆட்டம் இருக்க வேண்டும். ஆட்டமே இல்லையென்றால் நுனியில் இருக்கும் நைலான் டியூனர் அதிகம் முறுக்கப்பட்டிருக்கிறது. பெடலை விட்டாலும் சேஞ்சர் ஃபிங்கர் (தந்தியை இழுக்கும் நெம்பு) தன் ஸ்டாப்பில் போய் உட்காராது, ராடில் தொங்கிக்கொண்டே நிற்கும். அப்படி நின்றால் திறந்த பி-யின் சுருதியை முடிவு செய்வது ஸ்டாப் அல்ல, பெடல் அன்றைக்கு எங்கே ஓய்ந்து நிற்கிறதோ அது. சூட்டுக்கும் குளிருக்கும் மாறும், காலை வைத்தால் மாறும். நைலானை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். திறந்த சுருதி உடனே கீழே இறங்கினால் நோய் அதுதான். ஐந்தாம் தந்தியை ஏ பெடலும் இழுக்கிறது, சி பெடலும் இழுக்கிறது. ஆகவே இரண்டு நைலான்களையும் பாருங்கள். ஒன்றை மட்டும் தளர்த்திவிட்டுத் தீரவில்லை என்று வருபவர்கள் நிறைய.

அடுத்தது ஆறாம் தந்தி. இறக்கி விட்டபின் ஏறி நிற்கிறது என்கிறீர்கள், அந்தத் திசைதான் துப்பு. லீவர் இறக்கும்போது வாசிக்கும் பகுதியில் இழுவிசை குறைகிறது. நட் ரோலருக்கும் (சாவிப் பக்கம் தந்தி ஏறிச் செல்லும் சிறு உருளை) சாவிக்கும் நடுவே இருக்கும் துண்டில் பழைய இழுவிசை அப்படியே இருக்கிறது. அது தந்தியை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. லீவரை விட்டதும் இழுத்த தந்தி முழுக்கத் திரும்பி வராமல் ரோலரில் சிக்கி நின்றால் சுருதி ஏறித்தான் இருக்கும். பி பெடலைத் தட்டினால் சரியாவதும் இதனால்தான். ஏற்றும்போது இழுவிசை கூடி, சிக்கியதை இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது.

ஆகவே ரோலரைக் கழற்றிப் பாருங்கள். பழைய கருவியில் உள்ளே பசைபோல் அழுக்கு உறைந்திருக்கும். லைட்டர் ஃப்ளூயிடால் கழுவி, துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஊசிமுனையில் ஒரு சொட்டு. அதற்கு மேல் வேண்டாம், எண்ணெய் தூசியைச் சேர்க்கும். ஆறாம் தந்தியின் தடிமனுக்கு ரோலரின் காடி பொருந்துகிறதா என்றும் பாருங்கள். 0.020 வெறும் தந்திக்காக வெட்டிய காடியில் 0.022 சுற்றுத்தந்தி போட்டால் கவ்விப் பிடிக்கும். சாவியில் தந்தியைப் பல சுற்றுச் சுற்றாதீர்கள், இரண்டு மூன்று போதும். இதற்கு நேர்மாறாக, இறக்கி விட்டபின் சுருதி கீழேயே நின்றால் ரோலரை விட்டுவிட்டு ரிட்டர்ன் ஸ்பிரிங்கைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

நாலாம் தந்தி இறங்குவது கோளாறே அல்ல, கருவியின் உடம்பு வளைகிறது. இங்கே இதை ‘கேபினட் டிராப்’ என்பார்கள். ஒவ்வொரு தந்தியும் 10 கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கிறது, பத்தும் சேர்ந்தால் 100 கிலோவைத் தாண்டும். ஏ, பி இரண்டையும் மிதித்தால் 3, 5, 6, 10 என நான்கு தந்திகளின் இழுப்புக் கூடுகிறது. பி-யை ஒரு முழுச் சுரம் ஏற்றி சி ஷார்ப் ஆக்க, அந்தத் தந்தியின் இழுவிசை கால் பங்குக்கு மேல் கூட வேண்டும். மரப்பெட்டி அதற்குக் கொஞ்சம் குனிந்து கொடுக்கிறது, மிதிக்காத தந்திகள் தளர்கின்றன. கழுத்து, எண்ட்பிளேட், சேஞ்சர் ஆகியவற்றின் திருகுகளை ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். சில சமயம் பாதி குறையும். மிச்சத்தோடு வாழ வேண்டியதுதான். பலரும் ஈ-யைச் சேர்க்கும்போது டியூனரின் அடிப்படை ஏ-வை 440-இல் வைக்காமல் 441, 442 என்று சற்று மேலே வைப்பது இதற்காகத்தான். மிதிக்காதபோது கொஞ்சம் மேல், மிதித்தால் கொஞ்சம் கீழ், நடுவில் நிற்கும்.

ஆனால் ஒன்று. பெடல் சுரங்களை ஒவ்வொரு பெடலாக மிதித்து டியூனரைப் பார்த்துச் சேர்க்காதீர்கள். ஏ, பி இரண்டையும் ஒன்றாக மிதித்தபடி, இறங்கிவிட்ட அந்த ஈ-யோடு காதால் சேருங்கள். மேடையில் அப்படித்தானே ஒலிக்கப்போகிறது.

நாலாவது கேள்விக்குத் தெரிந்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள்.

காந்தாரம், டொரொன்டோ

வீணை கற்றவள், லாப் ஸ்டீலும் வாசிப்பேன். உங்கள் காது சரியாகவே கேட்கிறது. டியூனரின் சுழி பியானோவின் சமப் பங்கீட்டுச் சுழி. அதில் மேஜர் தேர்ட் 400 சென்ட். இயற்கையான அந்தர காந்தாரம் 386. தம்புராவை நன்றாகச் சேர்த்து மீட்டும்போது ஸட்ஜத்திலிருந்து யாரும் வாசிக்காமலே ஒரு காந்தாரம் எழும்புமே, அதுதான் இது. ஸ்டீலில் அதிர்வு நீண்டு நிற்பதால் அந்த 14 சென்ட் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். ஃபிடில்காரர் தன் விரலை இயற்கையான இடத்தில் வைத்திருப்பார், அதனால் அவருக்கு உறுத்தியிருக்கும்.

ஈ-யைச் சுழி என்று கொண்டால் பி +2, ஜி ஷார்ப் −14. பெடல் மிதித்துக் கிடைக்கும் ஏ −2, சி ஷார்ப் −16. எஃப் லீவர்தான் பலரையும் கலங்க வைப்பது. ஏ பெடலோடு அது சேரும்போது சி ஷார்ப்புக்குக் காந்தாரமாக நிற்கிறது. ஏற்கெனவே 16 இறங்கியதற்கு மேல் இன்னும் 14 இறங்க வேண்டும். ஆக −30. டியூனரில் பார்த்தால் தப்பாகவே தெரியும், காதால் கேட்டால் அடங்கிப்போகும். உங்கள் கருவியின் இறக்கத்தால் இந்த எண்கள் சில சென்ட் நகரும். எண்ணைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, இரண்டு சுரம் மோதி அலையடிப்பது நிற்கும்வரை காதால் போங்கள்.

தாளம்போடுபவன், ஹூஸ்டன்

மேலே சொன்ன கணக்கை மறுக்கவில்லை. ஆனால் கீபோர்டு இருக்கும் பேண்டில் வாசிப்பவன் நான். −14 வைத்த ஜி ஷார்ப்பும் கீபோர்டின் ஜி ஷார்ப்பும் ஒரே நேரத்தில் ஒலித்தால் சண்டைதான். நான் −7, −8 அளவில் நிறுத்திக்கொள்கிறேன், எஃப் லீவரை −16 பக்கம். தனியாகக் கேட்டால் இனிமை கொஞ்சம் குறையும், கூட்டத்தில் ஒட்டிப்போகும். உங்களுக்குக் கீபோர்டு இல்லை என்பதால் நீங்கள் முழுதாக இறக்கலாம். இன்னொன்று, டெக்சஸ் வெயிலில் காரிலிருந்து இறக்கியதும் சேர்க்க ஆரம்பிக்காதீர்கள். ஹாலின் ஏசி குளிருக்குக் கருவி பழகட்டும். சூடான தந்தி நீண்டிருக்கும், குளிர்ந்ததும் எல்லாம் ஏறிவிடும்.

மூன்றாம்பெடல், சான் ஆன்டோனியோ

எல்லோருக்கும் நன்றி. அண்ணா சொன்னது அப்படியே: சி பெடலின் நைலானில் ஆட்டமே இல்லை. தளர்த்தியதும் பி இறங்கி ஒரே இடத்தில் நிற்கிறது. ரோலருக்குள் கறுப்பு மெழுகுபோல் ஏதோ இருந்தது. கழுவியபின் ஆறாம் தந்தி ஏறி நிற்பது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. காந்தாரம் அக்கா கொடுத்த எண்களில் வைத்துவிட்டு ஏ பெடலும் எஃப் லீவரும் சேர்த்து மீட்டினேன். இந்தக் கருவிக்குள் இப்படி ஒரு ஒலி இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் பாக்கி. ஏழாம் தந்தி எஃப் ஷார்ப் எங்கே வைத்தாலும் ஒரு கார்டில் உதைக்கிறது. ஐந்தாம் தந்தி பி-யோடு சேர்த்தால் பெடல் மிதித்தபோது கெடுகிறது. மிதித்தபோது சேர்த்தால் பி-யோடு கெடுகிறது.

காந்தாரம், டொரொன்டோ

அது உங்கள் கையிலும் இல்லை, கருவியிலும் இல்லை. பி-க்குப் பஞ்சமமாக நின்றால் எஃப் ஷார்ப் +4. சி ஷார்ப்போடு சேர வேண்டுமென்றால் −18. இடைவெளி 22 சென்ட், 81-க்கு 80 என்ற விகிதம். ஒரே தந்தி இரண்டு இடத்திலும் நிற்க முடியாது.

ராடும் ரோலரும், டாலஸ்

நிற்க வைக்கலாம், அதற்கும் வழி உண்டு. ஏ பெடலிலிருந்து ஏழாம் தந்தியின் இறக்கும் ஃபிங்கருக்கு இன்னொரு ராடு போடுங்கள். ‘காம்பன்சேட்டர்’ என்பார்கள். திறந்தபோது பி-யோடு சேர்த்து வையுங்கள், பெடல் மிதித்தால் அந்த ராடு தேவையான அளவு மட்டும் இறக்கிவிடும். பெல்கிராங்கில் (ராடை இழுக்கும் நெம்பு) மிகக் குறைந்த இழுப்புத் தரும் துளையைத் தேர்ந்தெடுங்கள், 20 சென்ட் என்பது மிகச் சின்ன அசைவு. முதல் தந்தியும் எஃப் ஷார்ப்தான், அதற்கும் அதே நோய். ஆனால் முதலில் ஏழாவதைச் செய்து சில வாரம் வாசித்துப் பாருங்கள். சேஞ்சரில் காலித் துளை இருக்கிறதா என்று அடிப்பக்கம் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், ராடு நீளம் சொல்கிறேன்.