இரட்டை ரியூனர் பதிவுப் பெட்டி: மூன்றாவது சனலை ஏன் மறுக்கிறது?

அன்பின் ஊரவர்களுக்கு வணக்கம்.

“ரெண்டு நிகழ்ச்சி பதிவாகேக்கை மூண்டாவது சனலைப் பாக்க சில நாள் விடுகுது, சில நாள் விடுகுதில்லை. பெட்டி பழுதோ?” என்று இங்கே கேட்டிருந்தீர்கள். பழுதில்லை. பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். நாங்கள் சனலை எண்ணுகிறோம், பெட்டி மக்ஸை (சனல்கள் கட்டாக வரும் அலையை) எண்ணுகிறது. அந்தக் கணக்கு பிடிபட்டால் எந்த நாள் விடும், எந்த நாள் விடாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

பிரித்தானியாவில் பிறீவியூ (கூரை அன்ரெனா வழி வரும் இலவச ரீவி) சனல்கள் தனித்தனியே வானில் வருவதில்லை. மல்ரிபிளெக்ஸ், சுருக்கமாக மக்ஸ், என்ற கட்டுகளாக வருகின்றன. பொதுச்சேவை மக்ஸ் மூன்று (பிஎஸ்பி 1, 2, 3), வணிக மக்ஸ் மூன்று (கொம் 4, 5, 6). ஒவ்வொன்றும் 8 மெகாஹேர்ட்ஸ் அகலம். ரியூனர் என்பது பெட்டிக்குள் அலையைப் பிடிக்கும் பகுதி. ஒரு ரியூனர் ஒரு நேரத்தில் ஒரு மக்ஸைத்தான் பிடிக்கும். பிடித்துவிட்டால் அதற்குள் இருக்கும் அத்தனை சனலும் பெட்டிக்குள் வந்துவிடும். நுங்குக் குலையை வெட்டி இறக்குவது போலத்தான்: ஒரு குலையில் எத்தனை காய் இருந்தாலும் வெட்டு ஒன்று, பக்கத்துக் குலையில் ஒரே ஒரு காய் வேண்டுமென்றாலும் இன்னொரு வெட்டு. இரட்டை ரியூனர் என்றால் ஒரே நேரத்தில் இரண்டு குலை. அவ்வளவுதான்.

இனி உதாரணம். சாதாரணத் தரத்தில் (எஸ்டி) பிபிசி வண் பிஎஸ்பி 1இல் இருக்கிறது. ஐரிவி, சனல் 4, சனல் 5 மூன்றும் பிஎஸ்பி 2இல். பிபிசி வண்ணையும் ஐரிவியையும் பதிவுக்குப் போட்டால் இரண்டு ரியூனரும் பிடிபட்டுவிட்டன. ஆனாலும் சனல் 4 பார்க்கலாம், ஏனென்றால் பிஎஸ்பி 2 ஏற்கனவே பெட்டிக்குள் வந்துகொண்டிருக்கிறது. பிபிசி ரூவும் பார்க்கலாம், அது பிஎஸ்பி 1இல் இருக்கிறது. வணிக மக்ஸில் இருக்கும் ஒரு சனலுக்கு மாற்றப் பார்த்தால்தான் “ஒரு பதிவை நிறுத்தவா?” என்று பெட்டி கேட்கும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று: எச்டி (உயர்தர) சனல்களைப் பதிவு செய்தால் ரியூனர் மிச்சமாகும். 101 பிபிசி வண், 102 பிபிசி ரூ, 103 ஐரிவி, 104 சனல் 4, 105 சனல் 5 ஆகிய எச்டி சனல்கள் ஐந்தும் பிஎஸ்பி 3 என்ற ஒரே மக்ஸில் இருக்கின்றன. 101ஐயும் 103ஐயும் பதிவுக்குப் போட்டால் ஒரு ரியூனர் போதும். மற்றது உங்களுக்கு, எந்தச் சனலையும் பார்க்கலாம். அதே நிகழ்ச்சிகளை 1, 3 என்ற எண்களில் பதிந்தால் இரண்டு ரியூனரும் போய்விடும். அதனால் பதிவு அட்டவணையில் 1, 3, 4 என்று இருப்பவற்றை 101, 103, 104 ஆக மாற்றிவிடுங்கள். படமும் தெளிவு. பெட்டி எச்டிப் பெட்டியாக இருக்க வேண்டும்: பிஎஸ்பி 3 டிவிபி-ரி2 என்ற புதிய ஒளிபரப்பு முறையில் வருகிறது, பழைய எஸ்டிப் பெட்டிகள் அதைக் கண்டுகொள்ளவே மாட்டாது.

ஒரே மக்ஸில் இருந்தாலும் ஒரே நேரத்தில் இரண்டு பதிவுக்கு மேல் விடாத பெட்டிகள் உண்டு. அது ரியூனரின் எல்லை அல்ல, மென்பொருளின் எல்லை. 101, 103, 104 மூன்றையும் பதிவுக்குப் போட்டுப் பார்த்தால் உங்கள் பெட்டி எந்த ரகம் என்று ஒரு நிமிடத்தில் தெரியும்.

எந்தச் சனல் எந்த மக்ஸில் என்று எப்படி அறிவது? மெனுவில் சிக்னல் விபரம் காட்டும் திரைக்குப் போங்கள். யூஎச்எஃப் எண் ஒன்று இருக்கும், அந்தச் சனலின் மக்ஸ் வரும் அலைவரிசையின் எண் அது. லண்டனில் ஹறோ, வெம்பிளி, ஈஸ்ற்ஹாம் பக்கத்து அன்ரெனாக்கள் பெரும்பாலும் கிறிஸ்ரல் பலஸ் கோபுரத்தைப் பார்ப்பவை. அங்கே பிஎஸ்பி 1 = 23, பிஎஸ்பி 2 = 26, பிஎஸ்பி 3 = 30, கொம் 4 = 25, கொம் 5 = 22, கொம் 6 = 28. நீங்கள் அதிகம் பார்க்கும் பத்துப் பதினைந்து சனலுக்கு இந்த எண்ணை ஒரு துண்டில் எழுதி ரீவிக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒரே எண் என்றால் ஒரே ரியூனர். சனல்கள் அவ்வப்போது மக்ஸ் மாறும், ஆகவே ரீரியூன் செய்தபின் ஒருக்கா சரிபார்க்கவும். சிறிய உப கோபுரங்களுக்குக் கீழ் இருப்பவர்களுக்குப் பொதுச்சேவை மக்ஸ் மூன்று மட்டுமே வரும்.

அடுத்தது, அதிக பதிவுகளைக் கெடுப்பது: முன்பின் நேரம். தொடக்கமோ முடிவோ வெட்டுப்படக் கூடாது என்று 2 நிமிடம் முன்னும் 5 நிமிடம் பின்னும் சேர்த்து வைத்திருப்பீர்கள். இரவு 8 முதல் 9 வரை சனல் 1, அதே நேரம் சனல் 3, பிறகு 9 முதல் 10 வரை வணிக மக்ஸ் ஒன்று. கடதாசியில் மோதலே இல்லை. பெட்டியின் கணக்கில் முதல் இரண்டும் 9:05 வரை, மூன்றாவது 8:58இல் தொடங்க வேண்டும். அந்த 7 நிமிடத்துக்கு மூன்று ரியூனர் தேவை. சில பெட்டிகள் எச்சரிக்கும். சில சத்தமில்லாமல் மூன்றாவதை விட்டுவிடும். ஒரே சனலில் அடுத்தடுத்து வரும் இரண்டு நிகழ்ச்சிகளைக்கூட, முன்பின் நேரம் மோதுவதால், இரண்டு பதிவாக எண்ணும் பெட்டிகள் உண்டு.

மருந்து: செற்றிங்கில் முன்பின் நேரத்தை 0 ஆக்காமல் “ஓட்டோ” என்று வையுங்கள். இரண்டும் ஒன்றல்ல. 0 என்றால் பல பெட்டிகள் மணிக்கூட்டைப் பார்த்துப் பதியும். ஓட்டோ என்றால், இப்போது ஓடுவது எது என்று ஒளிபரப்பாளர் அனுப்பும் சைகையைப் பார்த்துப் பதியும். உதைபந்தாட்டம் 20 நிமிடம் நீண்டால் பின்னால் வரும் நாடகத்தின் பதிவும் தானாகத் தள்ளிப் போகும். நடுவில் செய்தி வந்து இரண்டாகப் பிரியும் திரைப்படத்தின் இரண்டு பகுதியையும் சேர்த்துப் பிடிக்கும். குறையும் உண்டு: ஒளிபரப்பாளர் சைகையை நேரத்துக்கு மாற்றாவிட்டால் தலையோ வாலோ போகும், எப்போதாவது முழுதும் போகும். கட்டாயம் வேண்டிய நிகழ்ச்சிக்கு மட்டும் தொடக்க, முடிவு நேரத்தைக் கையால் கொடுத்து, அந்த நேரம் வேறு பதிவு இல்லாமல் பாருங்கள்.

மோதல் வந்தால் உடனே அழித்துவிட வேண்டாம். முதலில் எச்டி வடிவம், அடுத்து ஒரு மணித்தியாலம் பிந்திய “+1” சனல், அதன்பின் மறு ஒளிபரப்பு என்று தேடுங்கள்.

இரண்டு ரியூனரும் வேலையில் இருக்கும்போது வேறு சனல் பார்க்க, பெட்டியோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. உங்கள் ரீவிக்குள்ளேயே இன்னொரு ரியூனர் இருக்கிறது. கூரை வயரைப் பெட்டியின் அன்ரெனா உள்வாயிலில் செருகி, வெளிவாயிலில் இருந்து ஒரு சிறு வயரை ரீவிக்குக் கொடுங்கள். எச்டிஎம்ஐ வயர் அப்படியே இருக்கட்டும். ரீவியில் ஒருமுறை சனல் தேடலை ஓட்டிவிட்டால் போதும். பெட்டி ஓய்வுநிலைக்குப் போனதும் ரீவியில் படம் போனால், பெட்டியின் மின்சேமிப்புச் செற்றிங் அந்த வெளிவாயிலையும் அணைக்கிறது என்று பொருள், அதை நிறுத்திவிடுங்கள். சுவரில் சுவிட்சை அணைக்கும் பழக்கம் உள்ள வீடுகளில் பதிவு நடக்காது என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

சில பழைய பெட்டிகளில் இரண்டு ரியூனருக்கும் தனித்தனி வாயில், நடுவில் ஒரு சாண் நீளத்தில் இணைப்பு வயர். வீடு மாறும்போது அது தொலைந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு ரியூனர் மட்டும் “சிக்னல் இல்லை” என்று நிற்கும்.

டிஷ் வழி வரும் பிறீசற்றில் கதை வேறு. கூரை அன்ரெனா வயரில் எல்லா மக்ஸும் ஒன்றாக இறங்கும். டிஷ் வயரில் கால்வாசிதான் இறங்கும். பெட்டி 13 வோல்ற் அனுப்பினால் நெடுக்கு அலை, 18 வோல்ற் என்றால் கிடை அலை. 22 கிலோஹேர்ட்ஸ் தொனி சேர்ந்தால் மேற்பட்டை, இல்லாவிட்டால் கீழ்ப்பட்டை. ஆக நாலு பங்கு, ஒரு வயரில் ஒரு பங்கு. அதனால் ரியூனருக்கு ஒரு வயர் வீதம் டிஷ்ஷின் மூக்கில் (எல்என்பி) இருந்து இரண்டு வயர் இறக்க வேண்டும். ஸ்பிளிற்றர் போட்டு ஒன்றை இரண்டாக்க முடியாது. ஒரு ரியூனர் 13 கேட்க மற்றது 18 கேட்கும். முன்பு ஸ்கை கியூ (ஸ்கை நிறுவனத்தின் கட்டண டிஷ் பெட்டி) இருந்த வீட்டில் மூக்கு வைட்பாண்ட் என்ற வேறு வகையாக இருக்கும். சாதாரண பிறீசற் பெட்டிக்கு அது ஒத்துவராது, நாலு வாயில் சாதாரண மூக்கு மாற்ற வேண்டும்.

ஹாட் டிஸ்க் கணக்கு எளிது: நொடிக்கு 1 மெகாபிற் என்றால் மணித்தியாலத்துக்கு 0.45 ஜிபி. எஸ்டி 3 மெகாபிற் என்று வைத்தால் 1.35 ஜிபி, எச்டி 7 என்றால் 3.15 ஜிபி. 500 ஜிபி டிஸ்க்கில் எச்டி சுமார் 150 மணித்தியாலம். வருவதை அப்படியே எழுதுவதால், விஎச்எஸ் காலம் போலத் தரம் குறைத்து நேரம் கூட்ட முடியாது. யூஎஸ்பியில் பிரதி எடுக்கும்போது பாதியில் நின்றால் பெரும்பாலும் யூஎஸ்பி எஃப்ஏரி32 வடிவில் இருக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது, ஒன்றரை மணித்தியால எச்டியே அதற்குள் அடங்காமல் போகலாம். பெட்டியின் கையேடு சொல்லும் வடிவுக்கு மாற்றுங்கள். இன்னொன்று, பல பெட்டிகள் பதிவைப் பூட்டி வைப்பதால் டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு பெட்டியில் போட்டால் ஓடாது.

அவுஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்கு: அங்கே ஏபிசி, எஸ்பிஎஸ், செவின், நைன், ரென் ஒவ்வொன்றுக்கும் தனி மக்ஸ், 7 மெகாஹேர்ட்ஸ். ஏபிசியின் எல்லாச் சனலுக்கும் ஒரு ரியூனர் போதும். செவின், நைன் இரண்டையும் பதிந்தால் ரென் இல்லை. லண்டன் பெட்டியை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

இணையப் பெட்டியில் வரும் தமிழ்ச் சனல்களை இதில் பதியலாமா என்ற கேள்விக்கு: முடியாது. இந்தப் பெட்டிகளுக்கு எச்டிஎம்ஐ வெளிவாயில் மட்டுமே உண்டு, உள்வாயில் இல்லை.

வேறு சிக்கல் இருந்தால் பெட்டியின் மாடல் இலக்கம், பதிவுக்குப் போட்ட சனல் எண்கள், சிக்னல் திரையில் தெரியும் யூஎச்எஃப் எண்கள் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.