பாபி பெட்ரினோ: எந்தக் கணக்கை வைத்து எடைபோடுவது?

கடைசி_வரிசை:
2012இல் தன் அமெரிக்கக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் பாபி பெட்ரினோவை வேலையைவிட்டு நீக்கிய ஆர்கன்சா பல்கலைக்கழகம், 2023 நவம்பரில் அவரையே தாக்குதல் ஆட்டப் பயிற்சியாளராகத் திரும்ப அழைத்தது. 2025 செப்டம்பரில் தலைமைப் பயிற்சியாளர் சாம் பிட்மன் நீக்கப்பட்டதும், மீதிப் பருவத்துக்கு அணியையே பெட்ரினோவிடம் ஒப்படைத்தது. இதில் எனக்குத் தவறேதும் தெரியவில்லை. 2011இல் அவர் கீழ் 11 வெற்றி, 2 தோல்வி, தேசியத் தரவரிசையில் 5ஆம் இடம். அவர் போன அடுத்த பருவமே அந்த அணி 4 வெற்றி, 8 தோல்வி என்று சரிந்தது.

நாலாவது_டவுன்:
ஏன் நீக்கினார்கள் என்பதைத் தாங்கள் சொல்லாமலே கடந்துவிட்டீர்கள். 2012 ஏப்ரல் 1 அன்று மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கியவர், இரண்டு நாள் கழித்துக் கழுத்துப்பட்டையும் சிராய்த்த முகமுமாகச் செய்தியாளர்கள் முன் வந்து நின்றபோதும், தமக்குப் பின்னால் ஒரு பெண் அமர்ந்திருந்ததைச் சொல்லவில்லை. காவல்துறை அறிக்கை வெளிவரும் வேளையில்தான் மேலதிகாரியிடமே உண்மையைச் சொன்னார். அந்தப் பெண்ணோடு இருந்த உறவு அவர் குடும்பத்து விஷயம் என்று விட்டுவிடலாம். ஆனால் அந்தப் பெண்ணுக்கு 20,000 டாலர் கொடுத்ததும், 159 பேர் விண்ணப்பித்த ஒரு பணியில் உறவை மறைத்து அவரை அமர்த்தியதும் குடும்பத்து விஷயமா? மற்ற 158 பேர் யாரிடம் போய் முறையிடுவது?

கடைசி_வரிசை:
அதற்குத்தான் இழப்பீடாக ஒரு டாலரும் இல்லாமல் அனுப்பப்பட்டாரே, ஐயா. பிறகு சிறிய வெஸ்டர்ன் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் ஓராண்டு, 2014இல் அவர் முன்பு பயிற்சியளித்த லூயிவில் பல்கலைக்கழகத்துக்கே மீண்டும். அங்கே ஆடிய லமார் ஜாக்சன் 2016இல் கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கியது இவருடைய பயிற்சியில்தான். ஒரே குற்றத்துக்கு ஒருவரை எத்தனை முறை தண்டிப்பது?

பழைய_அட்டவணை:
இருவரும் விபத்தையே சுற்றி வருகிறீர்கள். என்னை உறுத்துவது 2007. லூயிவிலில் 10 ஆண்டு ஒப்பந்தம் போட்டு ஓராண்டு முடியும் முன்பே அட்லாண்டா ஃபால்கன்ஸ் என்ற தொழில்முறை அணிக்குத் தாவினார். அங்கே 13 ஆட்டங்களில் 3 வெற்றி மட்டுமே கண்ட நிலையில், வீரர்களின் அலமாரிகளில் நாலு வரிக் கடிதத்தை வைத்துவிட்டு, அன்றிரவே ஆர்கன்சா மேடையில் ரசிகர்களோடு சேர்ந்து அந்த அணியின் வழக்கமான பன்றி முழக்கத்தை எழுப்பிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் கல்லூரி மாறும் மாணவர் ஓராண்டு களமிறங்காமல் உட்கார வேண்டும் என்பது விதி; இவரை நம்பிச் சேர்ந்த பையன்களுக்கு அது பொருந்தும், இவருக்குப் பொருந்தாது. லூயிவில் 2014இல் திரும்ப எடுத்தபோது, பாதியில் ஓடினால் 1 கோடி டாலர் கட்ட வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டது. மன்னித்தார்கள், நம்பவில்லை.

கடைசி_வரிசை:
2007 பற்றி என்னிடம் மறுப்பில்லை. ஆனால் அணி மாறும் பயிற்சியாளர்கள் அத்தனை பேரும் செய்வது அதுதான். இவர் கொஞ்சம் நாகரிகமில்லாமல் செய்தார், அவ்வளவே.

நாலாவது_டவுன்:
சரி, தங்கள் வெற்றிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அதில் 2018 ஏன் இல்லை? ஜாக்சன் போனதும் லூயிவில் 2 வெற்றி, 8 தோல்வி என்று கிடந்தது. பருவம் முடியும் முன்பே அவரை நீக்கினார்கள். உண்மையை மறைத்ததற்கு ஒரு டாலரும் கிடைக்காதவருக்கு, தோற்றதற்காகச் சுமார் 1.4 கோடி டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. ஆர்கன்சா திரும்ப அழைத்தது 2011இன் பெட்ரினோவையா, 2018இன் பெட்ரினோவையா?