பேட்டரியில் ஓடும்போது எர்த் லீக்கேஜ் விழவில்லை: கோயில் சூரிய மின் அமைப்பு பற்றி உதவி தேவை

மண்டபப் பொறுப்பாளர், சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா

அனைவருக்கும் வணக்கம். 2023-இல் லோட் ஷெட்டிங் (சுழற்சி முறை மின்வெட்டு) மிகக் கடுமையாக இருந்தபோது, எங்கள் கோயில், மண்டபம், மடைப்பள்ளி மூன்றுக்கும் பொதுவாகச் சூரியத் தகடுகள், லித்தியம் பேட்டரி, 8 கிலோவாட் ஹைபிரிட் இன்வெர்ட்டர் ஆகியவற்றைப் பொருத்தினோம். நகராட்சி மின்சாரம் நின்றாலும் விளக்குகள் அணைவதில்லை. ஆனால் பேட்டரியில் ஓடும்போது மட்டும், பிளக் பாயிண்டின் இரண்டு துளைகளிலும் டெஸ்டர் எரிகிறது. எர்த் லீக்கேஜ், அதாவது மின்கசிவு ஏற்பட்டால் தானாக விழும் சுவிட்சைச் சோதிக்கும் பிளக் கருவியைச் செருகி அழுத்தினால், நகராட்சி மின்சாரத்தில் சுவிட்ச் உடனே விழுகிறது. பேட்டரியில் விழுவதே இல்லை. போர்டில் உள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தினாலோ இரண்டு நிலையிலும் விழுகிறது. பழுது எதில்? தைப்பூச அன்னதானத்துக்கு ஈரத் தரையில் நின்று சமைப்பவர்களை எண்ணிக் கவலையாக இருக்கிறது.

மின்பணியாளர், பீனிக்ஸ்

வணக்கம் ஐயா. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எர்த் லீக்கேஜும் இன்வெர்ட்டரும் நன்றாகவே இருக்கின்றன. இடையில் ஓர் இணைப்பு விடுபட்டிருக்கிறது. நகராட்சி மின்சாரத்தில் நியூட்ரல் ஏற்கெனவே பூமியோடு இணைந்து வருகிறது. மின்சாரம் நின்றவுடன் இன்வெர்ட்டர் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டித்துத் தனித் தீவாகிவிடுவதால், உங்கள் நியூட்ரலுக்குப் பூமியுடன் தொடர்பே இல்லாமல் போகிறது. அப்போது கசியும் மின்சாரம் திரும்பி வர வழி இல்லை. ஃபேஸில் போகும் மின்னோட்டத்துக்கும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டத்துக்கும் இடையே 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் தோன்றினால்தானே சுவிட்ச் விழும்? டெஸ்ட் பட்டன் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் மட்டுமே வேலை செய்கிறது, எர்த்தைத் தொடுவதில்லை. ஆகவே அதை நம்பி இருந்துவிடாதீர்கள். இரண்டு நிலையிலும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையிலான வோல்ட்டேஜை அளக்கச் சொல்லுங்கள்.

மண்டபப் பொறுப்பாளர்

எங்கள் எலக்ட்ரீசியன் அளந்தார். நகராட்சி மின்சாரத்தில் ஏறக்குறைய பூஜ்யம். பேட்டரியில் 112 வோல்ட்.

வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அப்படியானால் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு கம்பியால் நிரந்தரமாக இணைத்துவிடலாமே?

மின்பணியாளர், பீனிக்ஸ்

தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். நகராட்சி மின்சாரம் இருக்கும் நேரத்தில் நியூட்ரலில் போக வேண்டிய மின்னோட்டத்தில் ஒரு பகுதி எர்த் கம்பியிலும் ஓடத் தொடங்கிவிடும். தீவு நிலையில் மட்டும் இணைந்து, மின்சாரம் திரும்பியதும் பிரிந்துவிடும் ரிலே (தானியங்கி சுவிட்ச்) ஒன்று வேண்டும். பல ஹைபிரிட் இன்வெர்ட்டர்களில் இதற்கென்றே ஒரு முனை உண்டு. அந்த இணைப்பு எர்த் லீக்கேஜுக்கு முன்னால், இன்வெர்ட்டர் பக்கத்தில் இருக்க வேண்டும். கட்டடத்துக்கு ஒன்றாக மூன்று இடங்களில் போடாமல், ஒரே இடத்தில் மட்டும் போட வேண்டும்.

இதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 8 கிலோவாட் இன்வெர்ட்டர் 230 வோல்ட்டில் சுமார் 35 ஆம்பியர்தான் தரும். ஷார்ட் சர்க்கியூட் ஆனாலும் அதைவிடச் சற்றே கூடுதலாகத்தான் தரும். மின்னோட்டம் அளவு மீறினால் விழும் 20 ஆம்பியர் சி வகை பிரேக்கர் நொடிப்பொழுதில் விழ 100 முதல் 200 ஆம்பியர் வரை தேவை. நகராட்சி மின்மாற்றி அதை எளிதாகத் தரும், பேட்டரி அமைப்பால் முடியாது. எனவே தீவு நிலையில் உயிரைக் காப்பது பெரும்பாலும் எர்த் லீக்கேஜ்தான். பொருத்தியவர் இதை விட்டுச் சென்றது எனக்கு மிகுந்த வருத்தமளிக்கிறது. பதிவு பெற்ற எலக்ட்ரீசியனைக் கொண்டே செய்து, பேட்டரி நிலையிலும் சோதித்து, எஸ்ஏஎன்எஸ் 10142-1 என்ற தென்னாப்பிரிக்க மின் இணைப்பு விதிப்படி சான்றிதழ் வாங்குங்கள். அதுவரை மின்சாரம் நின்றால் மடைப்பள்ளிப் பிளக் பாயிண்ட்களை அணைத்து வையுங்கள்.

மண்டபப் பொறுப்பாளர்

மிக்க நன்றி ஐயா. ரிலே பொருத்தியாகிவிட்டது. பேட்டரியிலும் நியூட்ரல், எர்த் இடையே வோல்ட்டேஜ் இல்லை. மூன்று கட்டடங்களிலும் ஒவ்வொரு பாயிண்டாகச் செருகிப் பார்த்தோம், எல்லாவற்றிலும் சுவிட்ச் விழுகிறது. சான்றிதழின் நகலை டிபி போர்டின் (மின் பகிர்வுப் பெட்டியின்) கதவுக்குள் ஒட்டியிருக்கிறோம்.