மது நிறுவனத்தின் பணத்தில் நடந்த ஆய்வை நம்பலாமா?

மாறன்:
"அளவாகக் குடித்தால் இதயத்துக்கு நல்லது" என்று ஓர் ஆய்வு வந்தாலே, பணம் கொடுத்தது யார் என்று பார்த்துத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆயிரக்கணக்கானவர்களை ஆண்டுக்கணக்கில் கவனிக்க நிறையச் செலவாகும். நிறுவனம் கொடுத்தால் என்ன? தப்பு இருந்தால் ஆய்வு முறையில் காட்டுங்கள்.

செல்வி:
முறையிலேயே காட்டுகிறேன். தினமும் ஒரு கோப்பை மது மாரடைப்பைக் குறைக்குமா என்று பார்க்க, அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 10 கோடி டாலர் செலவில் ஒரு பெரிய சோதனையைத் தொடங்கியது. சுமார் 7,800 பேரைச் சேர்ப்பதாகத் திட்டம். பாதிப் பேர் தினமும் குடிக்க வேண்டும், மீதிப் பேர் தொடவே கூடாது. பணத்தில் பெரும்பகுதியைத் தர முன்வந்தவை ஹைனகென், கார்ல்ஸ்பெர்க், டியாஜியோ உள்ளிட்ட ஐந்து மது நிறுவனங்கள். திட்டம் முடிவாகும் முன்பே அதிகாரிகளும் ஆய்வாளர்களும் அவர்களிடம் பேசியிருக்கிறார்கள். அப்புறம் விசாரித்தவர்கள் சொன்னது முக்கியம்: இந்தச் சோதனையில் நன்மை தெரியலாம், ஆனால் புற்றுநோய், இதயச் செயலிழப்பு போன்ற தீமைகள் தெரியாமலே போய்விடலாம். 2018 ஜூனில் மூடிவிட்டார்கள். யாரும் ஓர் எண்ணைக்கூடத் திருத்தவில்லை, மாறன். எதை அளப்பது, எத்தனை வருடம் அளப்பது என்பதிலேயே சாய்வு வந்துவிட்டது.

மாறன்:
மூடினார்கள் அல்லவா? அப்படியானால் கண்காணிப்பு வேலை செய்கிறது. இன்னொன்றும் சொல்கிறேன். மது நிறுவனங்களிடம் பணம் வாங்கிய ஆய்வுகளையும் வாங்காதவற்றையும் 2015-ல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பக்கவாதத்தைத் தவிர மற்றவற்றில் தெளிவான வித்தியாசம் இல்லை.

செல்வி:
கண்காணிப்பா? அந்த மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் விஷயத்தை வெளியே கொண்டுவந்த பிறகுதான் விசாரணையே வந்தது. 2015 ஒப்பீட்டைப் பொறுத்தவரை, பணம் வாங்கியதை எழுதி வைத்தவர்களைத்தான் அப்படிப் பிரிக்க முடியும். எழுதாதவர்கள் எல்லோரும் "வாங்காதவர்" பக்கம் போய்விடுவார்கள். புகையிலையில் நடந்ததையும் பாருங்கள். பிறர் விடும் புகை பற்றிய 106 மதிப்புரைகளை 1998-ல் அலசினார்கள். தீங்கு இல்லை என்று முடித்தவை 39. அவற்றில் 29 புகையிலைத் தொழிலோடு தொடர்புள்ளவர்கள் எழுதியவை.

அருள்:
இடையில் ஒரு வார்த்தை. "குடிப்பவர்களைவிடக் குடிக்காதவர்கள் சீக்கிரம் சாகிறார்கள்" என்ற பழைய முடிவுக்குப் பணம் மட்டும் காரணமில்லை. உடம்பு கெட்டுப்போய்க் குடியை விட்டவர்களும் "குடிக்காதவர்" பட்டியலில் இருந்தார்கள். பிரிட்டன் ஆய்வாளர்கள் 1988-லேயே இதை எச்சரித்தார்கள். நிறுவனப் பணமே வாங்காத பலரும் இதே குழியில் விழுந்திருக்கிறார்கள்.

மாறன்:
நான் சொன்னதும் அதுதானே. கோளாறு முறையில், பணத்தில் இல்லை.

செல்வி:
அந்தக் குழி தெரிந்த பிறகும் எந்த முடிவு மேடை ஏறியது, எது ஏறவில்லை? மது புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்ததும் அதே 1988-ல்தான். ஒரு கோப்பை மதுவால் மார்பகப் புற்றுநோய் எவ்வளவு கூடுகிறது என்று பார்க்க, ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து கோடிகளோடு வருமா? அதைக் கேட்கும் ஆய்வாளருக்குக் காசு கிடைக்காது, இதயத்தைக் கேட்பவருக்குக் கிடைக்கும். முப்பது வருடம் இப்படியே போனால் மக்கள் காதில் எது விழும்?

மாறன்:
சரி, பணத்துக்கு வேறு வழி?

அருள்:
தாய்லாந்து 2001-ல் மது, புகையிலை மீதான வரியோடு 2 சதவீதம் கூடுதலாக வாங்கி, மக்கள் நலனுக்குத் தனி நிதியம் வைத்தது. நன்கொடை இல்லை, வரி. எந்தக் கேள்வியைக் கேட்பது என்று கட்டியவர் சொல்ல முடியாது.

மாறன்:
அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மதுவை எதிர்ப்பவர்கள் அந்தப் பணத்தைப் பங்கிட்டால் சாய்வு மறுபக்கம் போகும். எதை அளக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே பதிவு செய்யட்டும், புற்றுநோயும் சேர்த்து. பங்கிடும் குழுவில் நிறுவனத்தின் ஆள் ஒருவராவது இருக்கட்டும்.

செல்வி:
முன்பதிவு கட்டாயம் வேண்டும். நிறுவனத்தின் ஆளுக்கு மட்டும் அங்கே இடம் கூடாது.